கால் கழுவி வந்தேன்

நன்னூல் படித்தவர்களுக்கு இடக்கரடக்கல் நினைவிருக்கும். நாலு பேர் நடுவில் சொல்லத் தகாததை மறைத்து, நாகரிகமான வேறு சொற்களால் உணர்த்துவது அது. ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் வகுத்த இலக்கணம். "கால் கழுவி வந்தேன்" என்பது அதற்கு வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் உதாரணம். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் 20 வருஷமாகத் தமிழ் கற்பித்து வரும் நான், இந்த உதாரணத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு வருஷமும் மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் சிரிக்க முடியவில்லை. மூன்றாவது பாடவேளை. இத்தனைக்கும் மணி அடிப்பதற்கு முன்புதான் போய் வந்திருந்தேன். கரும்பலகையில் "கால் கழுவி" என்று எழுதி முடிப்பதற்குள் அடிவயிற்றில் ஓர் உத்தரவு பிறந்தது. அது வேண்டுகோள் அன்று, எச்சரிக்கையும் அன்று, உத்தரவேதான். சாக்குக் கட்டியைப் போட்டுவிட்டு, மாணவிகளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வெளியே ஓடினேன். தாழ்வாரத்தின் கோடியை அடைவதற்குள் நடந்ததை எழுத இடக்கரடக்கலிலும் இடமில்லை. அன்றைக்குக் கருநீலப் புடைவை கட்டியிருந்தது என் அதிர்ஷ்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு 45 வயது. அதற்குப் பிறகு எட்டு மாத காலம் இந்தச் சமாசாரத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் மயிலாப்பூரின் பூகோளமே எனக்கு மாறிவிட்டது. மற்றவர்களுக்குக் கபாலீசுவரர் கோயில், லஸ் முனை, நாகேசுவரராவ் பூங்கா என்பவை அடையாளம். எனக்கோ, எந்த ஹோட்டலில் ஒரு காபி வாங்கிக் குடித்தால் பின்கட்டுக் கதவைக் காட்டுவார்கள் என்பதே அடையாளம். அந்தக் காபிதான் அடுத்த அரை மணியில் என்னை இன்னொரு ஹோட்டலைத் தேட வைக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது! பங்குனி உற்சவத்தின் எட்டாம் நாள் அறுபத்து மூவர். விவரம் தெரிந்த நாளாய் அதை நான் தவற விட்டதில்லை. அந்த வருஷம், மாட வீதிக் கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்டால் என்ன கதி என்று அஞ்சி, தலைவலி என்று பொய் சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். மார்கழிக் கச்சேரிகளில் ஓரத்து நாற்காலி கிடைத்தால் மட்டும் போனேன். தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகிறவர்களைக் கண்டு முன்பெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர்களில் பாதிப் பேராவது நிரபராதிகள் என்று இப்போது எண்ணுகிறேன்.

எனக்கு நானே இரண்டு வைத்தியங்கள் செய்துகொண்டேன். தண்ணீரைக் குறைத்தேன். வெளியே கிளம்புமுன், வகுப்புக்குப் போகுமுன், பஸ் ஏறுமுன், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன்னெச்சரிக்கையாகப் போய் வந்தேன். எந்தப் பெண்மணியைக் கேட்டாலும் இந்த இரண்டையும்தான் சொல்லுவாள். இரண்டும் தவறு என்பதைச் சொல்லவே இக் கட்டுரை.

அக்கினி நட்சத்திரத்தின்போது என் முதல் வைத்தியம் பலித்தது: எரிச்சலும் குளிர்காய்ச்சலும் வந்து, ஒரு லேடி டாக்டரிடம் போய் உட்கார நேர்ந்தது. சிறுநீரில் கிருமி கண்டிருந்தது. அதற்கு மருந்து கொடுத்துக் குணமான பிறகு, "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். எட்டு மாதத்துக் கதையையும் கொட்டிவிட்டேன். அவர் துளியும் சிரிக்கவில்லை. அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையை வாங்கிக்கொள்ளச் சொன்னார். "மூன்று நாள், என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். இரத்தத்தில் சர்க்கரையையும் பார்க்கச் சொன்னார்.

சர்க்கரை ஏன் என்று கேட்பீர்கள். நம் முன்னோர் அந்த நோய்க்கு வைத்த பெயரிலேயே விடை இருக்கிறது: நீரிழிவு. இரத்தத்தில் மிகுந்துபோன சர்க்கரை வெளியேறும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே நீரிழிவுக்காரர் அடிக்கடி போவார், போகும்போதெல்லாம் நிறையவும் போவார், தாகமும் தாங்காது. என் குவளைக் கணக்கு வேறு விதமாக இருந்தது. ஒரு நாளில் 13 தடவை. பெரும்பாலும் 80 மில்லி லிட்டர், 100 மில்லி லிட்டர். அரை ஆழாக்குக்காகவா இத்தனை ஓட்டம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. இன்னொரு வேடிக்கையும் கண்டேன். 13இல் ஐந்து, தேவையில்லாமல் முன்னெச்சரிக்கையாகப் போனவை. சர்க்கரை சரியாகவே இருந்தது.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்லுகிறேன். மூத்திரப்பை என்பது தசையால் ஆன பை. நிறைய நிறையப் பலூனைப்போல் விரிந்துகொடுக்கும். 150 முதல் 200 மில்லி லிட்டர் சேர்ந்ததும் முதல் தகவல் மூளைக்குப் போகிறது. "தெரிந்தது, இரு" என்று மூளை பதில் அனுப்புகிறது. நல்ல ஆரோக்கியமுள்ளவருக்கு 300 முதல் 500 வரை அது பொறுமையாகக் காத்திருக்கும். பகலில் ஏழெட்டுத் தடவை போவது சகஜம். சிலருக்கு நடுவயதில் அந்தத் தசை, மூளையின் அனுமதிக்குக் காத்திராமல் தானே இறுக ஆரம்பித்துவிடுகிறது. அதுதான் அந்தத் திடீர் உத்தரவு. தினமும் ஐந்து தடவை பாதிகூட நிறையாத பையைக் காலி செய்து வந்தால், சிறிது நீர் சேர்ந்ததுமே கூச்சலிட அது கற்றுக்கொள்கிறது. தண்ணீரைக் குறைத்தாலோ, சிறுநீர் அடர்த்தியாகிப் பையின் உட்புறத்தை உறுத்துகிறது. மலச்சிக்கலும் சேர்ந்து பக்கத்திலிருந்து நெருக்குகிறது. என் இரண்டு வைத்தியங்களும் நோய்க்குத்தான் உதவி செய்துகொண்டிருந்தன.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அப் பகுதியின் சவ்வு மெலிந்துபோவதும் ஒரு காரணம்.

நிற்க. கற்றுக்கொண்ட கெட்ட பழக்கத்தை மறக்கடிக்கவும் முடியும் என்பதுதான் நல்ல செய்தி. ஒரு மணிக்கு ஒரு தடவை போய்க்கொண்டிருந்த என்னை, ஒரு வாரம் ஒன்றேகால் மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார். அது பழகியதும் ஒன்றரை மணி. இப்படிக் கால் கால் மணியாக ஏற்றி மூன்று மணியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நடுவில் உத்தரவு பிறந்தால்? ஓடக் கூடாது. ஓட்டம் தசையை இன்னும் கிளப்பிவிடும். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்; முடிந்தால் உட்கார வேண்டும்; காற்றையும் நீரையும் அடக்குவதுபோல் அடித்தளத் தசைகளைச் சட்டென்று ஐந்தாறு தடவை இறுக்கித் தளர்த்த வேண்டும். அலைபோல் எழுந்த உணர்ச்சி அலைபோலவே தணிந்துவிடும். தணிந்த பிறகு சாவதானமாக நடந்து போகலாம். முதல் தடவை அது உண்மையாகவே தணிந்தபோது, பாண்டி பஜார் நடைபாதைப் பெஞ்சியில் தனியே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

அந்தத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியை 1948இல் பிரபலப்படுத்தியவர் ஆர்னால்டு கெகெல் என்ற அமெரிக்க மருத்துவர். காசு செலவில்லை, கருவி வேண்டாம். ஐந்து எண்ணும் வரை இறுக்கிப் பிறகு தளர்த்த வேண்டும். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. மேற்பார்வைத் தேர்வு அறையில் நான் இதைச் செய்துகொண்டிருப்பது எந்த மாணவிக்கும் தெரிய நியாயமில்லை. சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் கூடாது. இரண்டே நாளில் பலனைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எனக்கு இரண்டு மாதம் முடிந்த பிறகுதான் மாறுதல் தெரிந்தது.

காபியைப் பற்றிச் சொல்ல எனக்கு மனமே இல்லை. மயிலாப்பூரில் பிறந்தவளிடம் காபியைக் குறை என்பது, கச்சேரியில் சுருதிப் பெட்டியை மூடு என்பதைப் போன்றது. ஆயினும் அதிலுள்ள காபீன் சிறுநீரைப் பெருக்குகிறது. மூத்திரப்பைத் தசையையும் கிளப்பிவிடுகிறது. தேநீரிலும் அது உண்டு. நான்கு டம்ளரை ஒரேயடியாக நிறுத்தினால் மண்டையிடிக்கும் என்பதால் மூன்று வாரத்தில் இரண்டாகக் குறைத்தேன். இரண்டாவதைப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தொடுவதில்லை. தண்ணீரை மட்டும் பழையபடி இரண்டு லிட்டருக்கு ஏற்றினேன். வெயில் காலத்தில் அதற்கு மேலும்.

பயிற்சி போதாதவர்களுக்கு மருந்தும் உண்டு. தசையின் இறுக்கத்தை அடக்கும் பழைய மாத்திரைகள் வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், வயதானவர்களுக்கு ஞாபகத் தடுமாற்றத்தையும் தரக்கூடும். மிராபெக்ரான் என்ற புதிய வகை வேறு வழியில் வேலை செய்கிறது. அதற்கு இரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். எதையும் மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. ஏன் என்பதற்கு என் அண்ணா ஒருவரே சாட்சி. அடையாற்றில் இருக்கிறார், 58 வயது. விடியற்காலையில் எலியட்ஸ் கடற்கரையில் நடப்பவர், திடீரென்று நடையை நிறுத்திவிட்டார். முட்டிவலி என்றார். என் கதையைச் சொன்ன பிறகுதான் அவருடைய முட்டி எங்கே இருக்கிறது என்பது வெளிவந்தது! அவருக்கு இருந்தது புராஸ்டேட் வீக்கம். ஆண்களுக்கு மூத்திரப்பையின் வாயைச் சுற்றி இருக்கும் அந்தச் சுரப்பி வயதானால் பருத்து வழியை அடைக்கும். அப்படிப்பட்டவர் பரிசோதனை இல்லாமல் தசையை அடக்கும் மாத்திரையைச் சாப்பிட்டால், நீர் ஒரேயடியாகக் கட்டிக்கொள்ளவும் கூடும். சிறுநீரில் இரத்தம் கண்டால், ஆணானாலும் பெண்ணானாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. பணம் செலவழிக்க இயலாதவர்களுக்கு, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே சிறுநீரியல் துறை இருக்கிறது.

இதெல்லாம் என்னைப் பற்றிய கதை. தீபாவளிக்கு முன் ஒரு சனிக்கிழமை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு துணிக்கடையில் புடைவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் மெதுவான குரலில் வழி கேட்டேன். நாலாவது மாடி என்றாள். "நீ எப்போது போவாய்?" என்று, இத்தனை நாள் பழகிய கேள்வியானதால், சட்டென்று கேட்டுவிட்டேன்.

"சாப்பாட்டு வேளையில் ஒரு தடவை அக்கா. கூட்டம் என்றால் அதுவும் இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டேன்."

அவளுக்கு 22 வயது இருக்கும். கால்கள் வீங்கியிருந்தன. நாள் முழுதும் நின்றவர்களுக்குக் கால்களில் தேங்கும் நீர், இரவில் படுத்ததும் இரத்தத்தில் திரும்பிக் கலந்து, தூக்கத்திலிருந்து இரண்டு மூன்று தடவை எழுப்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. பகலில் போக இடமில்லை; இரவில் தூக்கமில்லை. அந்தத் தெருவின் கடைப் பெண்களுடைய வாழ்வை 2010இல் வந்த "அங்காடித் தெரு" என்ற படத்தில் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களில் நானும் ஒருத்திதான். ஆனால் அவர்கள் எங்கே போவார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கேரளத்தில் தோன்றியிருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துவந்த விஜி என்ற பெண்மணி, கடைப் பெண்களைத் திரட்டிப் "பெண்கூட்டு" என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு கேட்டது நாற்காலி. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, கடைத் தொழிலாளர்களுக்கு உட்காரும் உரிமை அளித்தது. நம் சட்டசபையும் 2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தில் அதே உரிமையைச் சேர்த்தது. நான் போன கடையில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒரு முக்காலி இருக்கத்தான் இருந்தது. அதன்மேல் புடைவைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அந்தக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே மாம்பலம் ஸ்டேஷன் வரை நடந்தேன். ரயிலடியில்தான் உறைத்தது. "டீச்சர், வெளியே போக வேண்டும்" என்று விரலைக் காட்டும் மாணவிகளிடம், "இன்னும் பத்து நிமிஷத்தில் மணி அடித்துவிடும், உட்கார்" என்று 20 வருஷமாகச் சொல்லி வந்தவள் யார்? நிறைந்த பையை அடக்கி வைப்பது வேறு. நிறையாத பையைப் பொறுமைக்குப் பழக்குவது வேறு. அந்தக் குழந்தைகளில் எத்தனை பேர் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை அப்படியே திருப்பி எடுத்துப் போயிருப்பார்களோ!

இந்த வருஷம் மறுபடியும் இடக்கரடக்கல் பாடம் வந்தது. உதாரணத்தை எழுதினேன், வழக்கம்போல் சிரித்தார்கள். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒருத்தி எழுந்து, "டீச்சர், நான் கால் கழுவி வரட்டுமா?" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. குறும்பா, அவசரமா என்று நான் ஆராயவில்லை. போய் வா என்றேன். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் இன்னும் மூன்று பேர் எழுந்து நின்றார்கள்.