மெல்லடிக் காலணி: தார்ச்சாலைக்கு எது, மண்பாதைக்கு எது, யாருக்கு ஆகாது?

மார்கழி இறுதியில் ஒரு நாள், புறநோயாளர் பிரிவில் தந்தையும் மகனும் ஒன்றாக என் எதிரே அமர்ந்தனர். அடையாளங்களைச் சற்று மாற்றியே எழுதுகிறேன். மகன் வெளியூரில் பணிபுரிபவர். முப்பது வயதுக்குள் இருக்கும். மூன்று மாதங்களாக மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஓட்டக் காலணி அணிந்து அன்றாடம் ஓடி வருகிறார். இரண்டு வாரமாக வலது முன்பாதத்தில் வலி. தந்தைக்கு அறுபது கடந்துவிட்டது. பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவு. அவருக்கு வலி எதுவும் இல்லை. மகன் தமக்கு வாங்கியது போலவே தந்தைக்கும் ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தார். அதை மேசைமீது வைத்துவிட்டுத் தந்தை கேட்டார்: "வழக்கமா வெறுங்கால்லதான் பழனிக்கு நடப்பேன் டாக்டர். இந்தத் தடவ இதப் போட்டுக்கிட்டு நடக்கலாமா?"

வலியோடு வந்த மகனைக் காட்டிலும், வலி இல்லை என்று சொன்ன தந்தையின் பாதமே எனக்குக் கவலையளித்தது. அதற்கான காரணத்தைக் கூறுமுன் அந்தக் காலணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடைகளில் மினிமலிஸ்ட் ஷூ என்று விற்கப்படும் இவ்வகையை மெல்லடிக் காலணி எனலாம். வழக்கமான ஓட்டக் காலணியில் குதிகால் பகுதி, முன்பாதப் பகுதியைவிடப் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கும். அடியில் தடித்த பஞ்சு மெத்தை இருக்கும். மெல்லடிக் காலணியில் இந்த உயர வேறுபாடு மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. அடிப்பாகம் மெல்லியது, கையால் சுருட்டிவிடலாம். விரல்கள் விரிந்து அமரும்படி முன்பகுதி அகலமாக இருக்கும். ஓர் எச்சரிக்கை: உயர வேறுபாடு இல்லாத காலணிகள் எல்லாம் மெல்லியவை அல்ல. அல்ட்ரா நிறுவனத்தின் லோன் பீக் என்னும் மண்பாதைக் காலணியில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் உள்ளன. ஆயினும் அதன் அடி 25 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் அடியை அழுத்திப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இக்காலணிகள் உலகெங்கும் பரவியதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, 2009-இல் கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதிய 'பார்ன் டு ரன்' என்னும் நூல். மெக்சிகோவின் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் தாராஹுமாரா மக்கள் பழைய டயரை வெட்டிச் செய்த செருப்போடு நெடுந்தூரம் ஓடுவதை அந்நூல் விவரிக்கிறது. நம் ஊர்ச் சந்தைகளில் டயர் செருப்பு வாங்கி அணிந்தவர்களுக்கு இது பெரிய வியப்பாக இராது. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றதையும் இக்காலணி விரும்பிகள் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். அவரே 1964-இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி, முன்னதைவிடக் குறைந்த நேரத்தில் மீண்டும் வென்றார் என்பதை ஏனோ சொல்வதில்லை.

அறிவியல் சான்றும் உண்டு. வெறுங்காலில் ஓடிப் பழகிய கென்ய ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுகின்றனர். அதனால் தரையில் மோதும் கணத்தில் காலில் ஏறும் அதிர்வு குறைகிறது என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர் 2010-இல் வெளியிட்டனர். ஆனால் 2013-இல் வடகென்யாவின் டாசனாச் மக்களிடையே நடந்த ஆய்வில், வெறுங்காலிலேயே வளர்ந்த அவர்களுள் பெரும்பாலோர் தமக்கு இயல்பான வேகத்தில் ஓடும்போது குதிகாலையே முதலில் ஊன்றினர். ஆக, வெறுங்கால் ஓட்டத்துக்கு ஒரே இலக்கணம் இல்லை. விரல் விரலாகப் பிரிந்த காலணியை விற்ற விப்ரம் நிறுவனம், உடல்நலப் பயன்களைப் பற்றித் தான் விளம்பரப்படுத்தியவற்றை எதிர்த்து அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை 2014-இல் 37.5 லட்சம் டாலர் அளித்து முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது.

நமக்கு இவற்றையெல்லாம்விட நெருக்கமான சான்று தென்னிந்தியாவிலேயே கிடைத்துள்ளது. உதயபாஸ்கர் ராவ், பெஞ்சமின் ஜோசப் என்னும் இரு எலும்பு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளைப் பதிந்து ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டனர். காலணி அணியும் குழந்தைகளுள் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலில் திரியும் குழந்தைகளுள் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரல்களை மூடிய ஷூ அணிந்தோரிடம் அது மிகுதி. திறந்த செருப்பு அணிந்தோரிடம் அதைவிடக் குறைவு. பாதத்தின் வளைவு, சிறு வயதில் அது தரையோடு பழகும் விதத்தோடு தொடர்புடையது என்று அவர்கள் கருதினர்.

இப்போது அந்தத் தந்தையையும் மகனையும் மீண்டும் நினைத்துப் பாருங்கள். தந்தை, கண்மாய்க் கரையிலும் வயல் வரப்பிலும் வெறுங்காலில் வளர்ந்தவர். விரல்கள் விரிந்து, அகன்று, உறுதியான பாதம். மகனோ மழலையர் பள்ளி முதல் தோல் ஷூ அணிந்தவர். பாதத்தின் சிறு தசைகள் இருபத்தைந்து ஆண்டுகளாக வேலையின்றி இருந்தவை. மெல்லடிக் காலணி கேட்பது இரண்டு: வலுவான பாதம், உணர்ச்சியுள்ள பாதம். மகனிடம் உணர்ச்சி இருந்தது, வலு இல்லை. தந்தையிடம் வலு இருந்தது, உணர்ச்சி இல்லை.

மகனுக்கு நேர்ந்தது விரல்களுக்குப் பின்னுள்ள நீண்ட எலும்புகளில் ஒன்றில் ஏற்பட்ட நுண்முறிவு. இது புதிய நோயன்று. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த படைவீரர்களின் பாதம் வீங்குவதைப் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-இலேயே பதிவு செய்தார். இன்றும் மருத்துவ நூல்களில் அதற்கு அணிவகுப்பு முறிவு என்றே பெயர். எலும்பு, புதிய சுமைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள வாரக் கணக்கில் அவகாசம் கேட்கும். அந்த அவகாசம் தராமல் சுமையைக் கூட்டினால் விரிசல் விழும். 2013-இல் அமெரிக்காவில் 36 ஓட்டக்காரர்களை வைத்து நடந்த ஆய்வில், பத்து வாரத்தில் படிப்படியாக மெல்லடிக் காலணிக்கு மாறியவர்களிடம்கூட, பழைய காலணியிலேயே ஓடியவர்களைவிடப் பாத எலும்புகளுக்குள் நீர்கோத்தல் கூடுதலாகக் காணப்பட்டது. எலும்பு திணறுவதன் அடையாளம் அது. எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெரிந்தது. முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் இம்முறிவு பெரும்பாலும் தென்படாது. ஆகவே "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது" என்று சொல்லப்பட்டாலும், விரலால் ஓரிடத்தில் அழுத்தினால் சுரீரென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மீண்டும் வந்து காட்டுங்கள்.

இனி, சாலைக்கும் மண்பாதைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருவோம். தேவகோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் தார்ச்சாலை சமமானது, கடினமானது, மாறாதது. ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைப் போலவே விழும். ஆகவே ஒரே எலும்பு, ஒரே தசைநாண் ஆயிரக்கணக்கான முறை ஒரே மாதிரிச் சுமை தாங்குகிறது. சாலைக்கான மெல்லடிக் காலணியின் அடி வழுவழுப்பாக, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் ரப்பராக இருக்கும். அதிர்வைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் தசைநாணுக்கும் போய்விடும். இன்னொன்றையும் நம் பகுதியில் மறக்கலாகாது. கோடை நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெளிநாட்டு மதிப்புரைகள் எவற்றிலும் இதைப் பற்றி ஒரு வரியும் நான் கண்டதில்லை. மெல்லிய அடி அந்தச் சூட்டை அப்படியே உள்ளே விடும்.

கண்மாய்க் கரைப் பாதை வேறு உலகம். செம்மண்ணும் சரளையும் மாறி மாறி வரும். ஒவ்வோர் அடியும் வேறு கோணத்தில் விழுவதால் சுமை ஓரிடத்தில் குவியாமல் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. வேகமும் தானாகக் குறைகிறது. புதிதாகத் தொடங்குவோருக்கு, கல் அதிகமில்லாத மண்பாதை தார்ச்சாலையைவிடப் பரிவானது என்பது என் கருத்து. ஆனால் கணுக்கால் பிசகும் வாய்ப்பு இங்கேதான் கூடுதல். மண்பாதைக்கான காலணியில் டயரின் பட்டன் போன்ற புடைப்புகள் இருக்கும். ஈர மண்ணில் பிடிமானம் தருபவை அவை. சிலவற்றில் கூரிய கல் குத்தாதிருக்க நடுவே மெல்லிய தகடு ஒன்று வைத்திருப்பர். விவோபேர்ஃபுட் நிறுவனம் பிரைமஸ் லைட் என்று ஒன்றையும், மண்பாதைக்கெனப் புடைப்புகளோடு பிரைமஸ் டிரெயில் என்று மற்றொன்றையும் விற்பது இதனால்தான். மெர்ரல் நிறுவனத்தின் வேப்பர் குளோவைவிட டிரெயில் குளோவ் தடித்தது. புடைப்புள்ள காலணியைத் தார்ச்சாலையில் தொடர்ந்து அணிந்தால் புடைப்புகள் விரைவில் தேயும். அது வரையில் பாதத்தின் சில புள்ளிகளில் மட்டும் அழுத்தம் விழும். வழுவழுப்பான காலணியோடு மழைக்குப் பின் கரையில் ஓடினால் வழுக்கி விழுவது உறுதி.

எந்த நிறுவனமும் கணக்கில் கொள்ளாத ஒன்று நம்மிடம் உண்டு: சீமைக் கருவேல முள். சிவகங்கை மாவட்டத்தில் அது இல்லாத கண்மாயைக் காட்டுவது அரிது. காய்ந்த முள் மெல்லடிக் காலணியை ஊடுருவிப் பாதத்தில் இறங்கும். நுனி ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் சீழ் வைக்கும். ஆகவே நம் மண்பாதைகளுக்கு, தகடு வைத்த அல்லது அடி சற்றுத் தடித்த காலணியையே நான் பரிந்துரைக்கிறேன்.

முள் குத்தினால் மகன் "ஆ" என்று காலை எடுத்துவிடுவார். தந்தை எடுக்கமாட்டார். அதுதான் என் கவலை.

பரிசோதனை எளியது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் வைத்து, கண்ணை மூடியிருப்பவரிடம் "தெரிகிறதா?" என்று கேட்போம். அந்தத் தந்தைக்கு இரு கட்டை விரல்களின் அடியிலும் தெரியவில்லை. நீண்ட நாள் நீரிழிவு நரம்பைக் கெடுக்கும்போது வலி முதலில் மறைவதும் உண்டு. நோயாளி அதை நலம் என்று எண்ணிக்கொள்வார். உணர்ச்சியற்ற பாதத்துக்கு என்ன நேரும் என்பதை உலகுக்குத் தெளிவாக்கியவர்களுள் ஒருவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று நம்பப்பட்ட காலம் அது. வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம் என்று அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினர். அந்தப் புரிதலிலிருந்து வந்ததே நுண்ணறை ரப்பர் செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நாம் நீரிழிவு நோயாளிகளுக்கு எழுதித் தருவது இதைத்தான். அடியில் முள் ஏறாத கடின ரப்பர், மேலே அழுத்தத்தைப் பரப்பும் மென்ரப்பர், பின்வார். மெல்லடிக் காலணி செய்வதற்கு நேர் எதிரானதை இது செய்கிறது.

ஆகவே நரம்புணர்ச்சி குறைந்தோர், காலில் இரத்த ஓட்டம் குறைந்தோர், முன்பு பாதப்புண் வந்தோர், எலும்பு வலுக்குறைவுள்ளோர், முடக்குவாதத்தால் விரல் கோணியோர் ஆகியோருக்குச் சாலையானாலும் மண்பாதையானாலும் மெல்லடிக் காலணி வேண்டாம். வெறுங்காலும் வேண்டாம். கோயில் பிராகாரத்துக் கருங்கல் தளத்தில் உச்சி வெயிலில் சுற்றி வந்து, வீட்டில் காலுறையைக் கழற்றும்போதுதான் கொப்புளத்தைக் கண்டவர்களை நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். அதிகாலையில் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவரின் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வலியின்றி வீங்கினால் அது உள்ளே எலும்பு நொறுங்குவதாக இருக்கலாம். அன்றே வர வேண்டும்.

வேண்டுதலைக் கைவிடச் சொல்ல மருத்துவனுக்கு உரிமையில்லை. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி வரை நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் காவடியோடு செல்லும் நகரத்தார் நடைப்பயணம் தலைமுறை தலைமுறையாக வருவது. பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தந்தை எம்.சி.ஆர். செருப்போடு குன்றக்குடி வரை, இரண்டு நாளாகப் பிரித்து நடப்பார். பின்னர் சாமான் ஏற்றிய வண்டியில் வருவார். ஓட முடியாத மகனும் அதே வண்டியில். ஒவ்வோர் இரவும் விளக்கு வெளிச்சத்தில் தந்தையின் பாதத்தை விரலிடுக்கு வரை பார்ப்பது மகனின் பொறுப்பு. புண் இல்லாமல் திரும்பினர்.

நலமான பாதம் கொண்டோர் மெல்லடிக் காலணியை விரும்பினால் தடையில்லை. முதல் மாதம் அதில் நடக்க மட்டும் செய்யுங்கள். அடுத்து, வழக்கமான ஓட்டத்தின் இறுதியில் ஐந்து நிமிடம் மட்டும் அதில் ஓடி, வாரத்துக்குச் சில நிமிடங்கள் கூட்டுங்கள். ஆறு மாதம் ஆகலாம். கெண்டைக்காலில் இருபுறமும் பரவலாக வரும் அயர்வு இயல்பு. ஓர் எலும்பில் குத்தும் வலி இயல்பன்று. காலணியை மாலையில் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். ஒரு தாளில் நின்று பாதத்தின் ஓரத்தை வரைந்து கத்தரித்துக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அத்தாள் காலணிக்குள் மடங்காமல் விரிய வேண்டும்.

பாதப் பரிசோதனைக்கு வரும்போது, அன்றாடம் அணியும் பழைய செருப்பையே அணிந்து வாருங்கள். மருத்துவமனைக்கு என்று புதிதாக எடுத்து மாட்டிவரும் செருப்பால் எங்களுக்குப் பயனில்லை. பழைய செருப்பின் அடியில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், அழுத்தம் எங்கே விழுகிறது என்பது தெரிந்துவிடும்.