பதிவேடும் எச்சரிக்கையும்: அஞ்சல் வழங்கிகளின் நிர்வாகம் பற்றிச் சில குறிப்புகள்

1964 டிசெம்பர் 22ஆந் திகதி இரவு வீசிய சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்தது. அந்நகரை நோக்கிச் சென்ற புகைவண்டி நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுடன் கடலலைகளுக்கு இரையாகியது. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே தபாலையும் பயணிகளையும் உழைக்கும் மக்களையும் ஏற்றியிறக்கிய பாதை அவ்விரவோடு முடிவுற்றது. செய்தியைச் சுமக்கவேண்டிய கம்பியே புயலில் அறுந்தமையால், அழிவின் செய்தி வெளியுலகை எட்டத் தாமதமாயிற்று. எச்சரிக்கை பற்றிய எந்த ஆய்வும் இவ்வுண்மையிலிருந்தே தொடங்குதல் தகும்: ஆபத்துக்குள்ளாகும் பாதையையே எச்சரிக்கையும் நம்பியிருப்பின், அது உரிய வேளையில் வந்து சேராது.

இன்றைய தபால்நிலையம் மின்னஞ்சல் வழங்கியாகும். மின்னஞ்சற் கடத்தலுக்கான 2008ஆம் ஆண்டு நியமம், ஒவ்வொரு வழங்கியிலும் ‘போஸ்ட்மாஸ்ரர்’, அதாவது தபாலதிபர், என்ற முகவரி இருத்தல் வேண்டுமென விதிக்கின்றது. பழைய உழைப்பின் பெயர் புதிய பொறியிலும் நிலைத்துள்ளமை கவனிக்கத்தக்கது. அம்முகவரிக்கு வருவதை வாசிக்க ஒரு மனிதர் வேண்டும் என்பதே அவ்விதியின் உட்பொருள்.

வழங்கியை ஆளும் நிர்வாகி பிறரது அஞ்சற்பெட்டியைத் திறக்கும் உரிமையை எவருக்கும் வழங்கலாம், ஒருவருக்கு வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பலாம், பெட்டியையே அழிக்கலாம். எனவே நிர்வாகியின் செயல்களும் பதியப்படவேண்டும். மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் வழங்கியில் 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இத்தகைய பதிவேடு உண்டு. மாற்றம் விளைவிக்கும் கட்டளையை யார், எப்போது, எப்பொருள்மீது பிறப்பித்தார் என்பது அதிற் பதிவாகும். வெறுமனே பார்வையிடும் கட்டளைகள் பதிவாகா. வேறுவிதமாகப் பணிக்கப்படாவிடின் பதிவுகள் 90 நாட்களே பேணப்படும்.

ஆயின் பதிவேடு தானாகப் பேசுவதில்லை. அதனைக் குறித்த இடைவேளைகளில் தேடி, புதிய நிகழ்வுகளைப் பிரித்தெடுத்து, அஞ்சலாக அனுப்பும் சிறு நிரலொன்றை நிர்வாகியே அமைக்கவேண்டும். அவ்வமைப்பில் மூன்று வினாக்கள் எழுகின்றன.

முதலாவது, எதனை அறிவிப்பது? வழங்கிகளின் பதிவுமுறை நிகழ்வுகளை 0 முதல் 7 வரை எட்டுப் படிநிலைகளாக வகுக்கின்றது. 0 பேராபத்து, 7 பிழைதிருத்தக் குறிப்பு. அனைத்தையும் அறிவித்தால் எதனையும் எவரும் வாசியார். நிர்வாகக் குழுவிற் புதியவர் சேர்தல், பிறர் பெட்டிக்கு முழு அனுமதி வழங்கல், அஞ்சலைத் திசைதிருப்பல், பதிவேட்டையே நிறுத்தல் ஆகியன உடனடி அறிவித்தலுக்குரியன.

இரண்டாவது, எவ்வழி அறிவிப்பது? கண்காணிக்கப்படும் வழங்கியூடாக மட்டும் அறிவித்தால், அது வீழும்போது எச்சரிக்கையும் வீழும். வேறொரு வழங்கியும் தொலைபேசிக் குறுஞ்செய்தியும் துணைநிற்றல் வேண்டும். பதிவேட்டின் பிரதியும் வேறிடத்திற் பேணப்படவேண்டும்.

மூன்றாவது, யாருக்கு அறிவிப்பது? தன் செயலைத் தானே அறியும் நிர்வாகிக்கு மட்டும் எச்சரிக்கை செல்லுமாயின் அது கண்காணிப்பாகாது. அவருக்குக் கட்டுப்படாத இன்னொருவருக்கும் அது செல்லவேண்டும். இங்கு தொழினுட்ப வினா அதிகாரம் பற்றிய வினாவாக மாறுகின்றது.

இது வெறும் ஏட்டுவினா அன்று. 2023 ஓகஸ்ட் 26ஆந் திகதி இலங்கை அரசின் மேகக்கணிமை மீது நடந்த கப்பத் தாக்குதலில் ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்றுவரையான அஞ்சல்கள் மீட்கப்படவில்லை. பயன்பாட்டிலிருந்தது எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான உற்பத்தியாளரின் ஆதரவு அவ்வாண்டு ஏப்பிரலிலேயே முடிவுற்றிருந்தது. புதிய பதிப்புக்கு மாறத் தாமதமானமைக்கு நிதித் தட்டுப்பாடும் முன்னைய பணிப்பாளர் சபைத் தீர்மானங்களும் காரணமெனத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவராண்மை கூறியது. பொறியின் பழுது சமூகத்தின் முன்னுரிமைகளிலும் வேர்கொண்டுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இழப்பு யாருடையது? கனிய மணல் அகழ்வுக்கும் காற்றாலைகளுக்கும் எதிராக மன்னார்த்தீவு மக்கள் அண்மைய ஆண்டுகளிற் குரலெழுப்பினர். இத்தகைய மக்களின் ஆட்சேபனைகள் இன்று அலுவலகங்களுக்கு மின்னஞ்சலாகவும் செல்கின்றன. அனுப்பிய மனு அழிந்தால் மீனவனிடம் எஞ்சுவது அவன் சொல் மட்டுமே. அலுவலகமோ கிடைக்கவில்லையென ஒரு வரியில் முடித்துவிடும்.

ஆகவே பதிவேடும் எச்சரிக்கையும் கணனி அறைக்குள் அடங்கும் சிறு விடயங்கள் அல்ல. ஆள்வோரின் செயலுக்கும் சாட்சி இருத்தல் வேண்டுமென்ற சனநாயகக் கோரிக்கையின் ஒரு கூறே அவை. சாட்சியைப் பேணப் பணமும், நள்ளிரவில் எச்சரிக்கையை வாசிக்கும் ஊழியனுக்கு உரிய ஊதியமும் ஓய்வும் வேண்டும். அவற்றை வழங்காது கருவியை மட்டும் நிறுவுதல், காவலாளியின்றி மணியைத் தொங்கவிடுவதற்கே ஒப்பாகும்.