அடுக்களைக் கழிவும் ஆக்க ஆற்றலும்

'கழி' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் கழிவு. நாம் வேண்டா என்று கழிப்பதெல்லாம் கழிவாகிறது. ஆயின் இயற்கையின் கணக்கில் வேண்டாதது என்று ஒன்றில்லை. உழுதலினும் எருவிடுதல் சிறந்தது என்னும் கருத்தை 'உழவு' அதிகாரத்தில் வைத்த வள்ளுவர், இவ்வுண்மையை நன்குணர்ந்தவர்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த உணவுக் கழிவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்தே வந்தது. இக்கழிவு குப்பைமேட்டின் ஆழத்தில் காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வெளிப்படுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவினும் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்க வல்லது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

எரிவாயு பிறக்கும் வகை

வெளியில் பகையாகும் இதே மீத்தேன், கலனுள் அடைபட்டால் அடுப்பெரிக்கும் நட்பாகிறது. காற்றுப்புகாத கலனில் நுண்ணுயிரிகள் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றை முதலில் எளிய பொருள்களாகச் சிதைக்கின்றன. பின்னர் அவற்றை அமிலங்களாக்குகின்றன. இறுதியில் வேறொரு வகை நுண்ணுயிரி அவற்றிலிருந்து மீத்தேனைப் பிறப்பிக்கிறது. பசுவின் வயிற்றில் இவ்வுயிரிகள் வாழ்வதாலேயே, புதிய கலனில் முதலில் சாணக் கரைசலை ஊற்றுகின்றனர். ஏறத்தாழ 35 பாகை வெப்பம் இவற்றுக்கு உகந்தது. நம் தட்பவெப்பம் இதற்குத் துணைநிற்கிறது.

அமிலம் ஆக்குவன விரைந்து பெருகும். மீத்தேன் ஆக்குவன மெல்லப் பெருகும். ஆகவே அளவுக்கு மீறிக் கழிவை இட்டால், மிகையாக உண்டவன் வயிறு போலக் கலனும் புளித்துவிடும், எரிவாயு நின்றுபோகும்.

மண்ணுக்கு மீள்வது

எரிவாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் கரிமமும் ஐதரசனும் ஆக்சிசனுமே. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் எஞ்சிய கரைசலிலேயே தங்குகின்றன. அதனை நீர் சேர்த்துப் பயிருக்கு இடலாம். கலன் வைக்க இயலாதோர், ஈரக்கழிவோடு காய்ந்த இலைகளைக் கலந்து, அவ்வப்போது கிளறிவிட்டால், இரண்டு மூன்று திங்களில் மக்கிய உரம் கிடைக்கும். நாற்றம் எழுந்தால் காற்றுப் போதவில்லை என்பது பொருள்; மேலும் சருகு சேர்த்துக் கிளறுதல் வேண்டும்.

இந்தூர் காட்டும் வழி

மத்தியப் பிரதேசத்து இந்தூர் நகரில் 2022 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற ஆலை, நாள்தோறும் 550 டன் ஈரக்கழிவைக் கொண்டு 17,000 கிலோ எரிவாயுவும் 100 டன் உரமும் ஆக்கும் வகையில் அமைக்கப்பட்டது. அதற்கு அடித்தளம் இயந்திரமன்று. வீட்டு வாசலிலேயே ஈரக்கழிவையும் உலர்கழிவையும் பிரித்துத் தரும் மக்களின் பழக்கமே.

நம் நிலை என்ன? திருமண விருந்து முடிந்ததும் சகனில் மிஞ்சிய சோறும், எலும்பும், நெகிழிக் குவளையும் ஒரே கூடையில் விழுகின்றன. நெகிழி கலந்த கழிவு கலனை அடைக்கும், உரத்தையும் கெடுக்கும். எலும்பும் எளிதில் செரிக்காது.

எனவே நாம் கொள்ளவேண்டிய வரிசை இது: வேண்டுமளவே சமைத்தல், மிஞ்சிய நல்லுணவைப் பசித்தோர்க்கு உரிய நேரத்தில் சேர்த்தல், உண்ணத்தகாததை மட்டும் பிரித்துக் கலனுக்கோ உரக்குழிக்கோ அனுப்புதல். எரிவாயு கிடைக்கிறது என்பதற்காகச் சோற்றை வீணாக்குதல் அறமாகாது. மாணவர் விடுதிகளும் மணமண்டபங்களும் இரண்டு கூடைகளை வைத்து இப்பணியைத் தொடங்கலாம். பிரித்திடும் கைகளிலேயே இவ்வறிவியலின் வெற்றி அடங்கியுள்ளது.