தூரமும் நேர்த்தியும்: தொடக்ககாலப் பனிச்சறுக்குத் தாண்டல்

கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனிமலைச் சரிவில் விரைந்து இறங்கும் வீரர், மேடையின் விளிம்பிலிருந்து காற்றில் எழும்பி, கீழுள்ள சரிவில் விழாமல் தரையிறங்கும் விளையாட்டே பனிச்சறுக்குத் தாண்டல் ஆகும். 19ஆம் நூற்றாண்டில் நார்வேயில் உருப்பெற்ற இதில், தாண்டிய தொலைவோடு, காற்றில் உடல் நிலைகுலையாதிருந்ததா, ஒரு காலைச் சற்று முன்வைத்து முழங்கால் மடக்கித் தரைதொடும் 'டெலிமார்க்' முறை பின்பற்றப்பட்டதா என்பவற்றையும் நடுவர்கள் மதிப்பிடுவதால், நெடுந்தொலைவு தாண்டியவரே வென்றவர் என்று கொள்வதற்கில்லை.

1862இல் டிரைசில் என்னும் ஊரிலும், 1892 முதல் தலைநகரை அடுத்த ஹோல்மென்கொல்லன் குன்றிலும் நடைபெற்ற போட்டிகளால் நார்வேயில் வேரூன்றிய இவ்விளையாட்டை, அங்கிருந்து குடிபெயர்ந்தோர் அமெரிக்காவுக்கும் கொண்டுசென்றனர். பிரான்சின் ஷமோனி நகரில் 1924இல் நடந்து, பின்னர் முதல் குளிர்கால ஒலிம்பிக்காக ஏற்கப்பட்ட போட்டிகளில் இந்த இரு கிளைகளும் எதிரெதிரே நின்றன. பிப்ரவரி 4 அன்று நடந்த தாண்டலில் நார்வேயின் யாக்கோப் துல்லின் தாம்ஸ், நார்வெ பொன்னா ஆகியோர் முதலிரு இடங்களைப் பெற, மூன்றாமிடம் அதே நாட்டின் தோர்லைஃப் ஹவ்க்குக்கு அறிவிக்கப்பட்டது; நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்காக ஆடிய ஆண்டர்ஸ் ஹவ்கன், 50 மீட்டர் தாண்டி அன்றைய மிக நீண்ட தாண்டலை நிகழ்த்தியிருந்தும், நேர்த்திக்கான மதிப்பெண் குறைந்ததால் நான்காமிடத்தில் நின்றார்.

ஆனால் அந்த முடிவில் ஒரு கூட்டல் பிழை ஒளிந்திருந்தது. ஹவ்க்குக்கு 18.000 என அறிவிக்கப்பட்ட புள்ளிகள் உண்மையில் 17.821 மட்டுமே என்பதும், ஹவ்கனின் 17.916 அதைவிட மிகுதி என்பதும் அரை நூற்றாண்டு கழித்தே கண்டறியப்பட்டன. 1934இலேயே ஹவ்க் மறைந்துவிட்டமையால், 1974இல் ஆஸ்லோவில் அவருடைய மகள், முதுமையெய்தியிருந்த ஹவ்கனிடம் வெண்கலப் பதக்கத்தை ஒப்படைத்தார்.

கணக்கைத் திருத்தியபோதும் ஹவ்கன் மூன்றாமிடத்துக்கே உயர்ந்தார் என்பது, பிழை கூட்டலில் இருந்ததேயன்றி விதியில் இல்லை என்பதைக் காட்டுகிறது. 1928இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்சில் அவ்விதி தாம்ஸையே பதம்பார்த்தது. மற்ற எவரும் எட்டாத 73 மீட்டரைத் தாண்டிய அவர், தரையிறங்குகையில் விழுந்ததால் பட்டியலில் வெகுவாகப் பின்தங்கினார். இன்று ஐந்து நடுவர்கள் அளிக்கும் நேர்த்தி மதிப்பெண்களில் மிக உயர்ந்ததும் மிகக் குறைந்ததும் நீக்கப்பட்டு, எஞ்சிய மூன்றும் தூரப் புள்ளிகளுடன் சேர்க்கப்படுகின்றன.