புயற்காலமும் கம்பியில்லாத் தந்தியும்

ஐப்பசி பிறந்தால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்வாசிகள் கடலையும் வானத்தையும் மாறிமாறி நோக்கியிருப்பது வழக்கம். 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆந் தேதி அடித்த வர்தா புயலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தையும் இவர்கள் மறந்திரார். அவ்விரு சமயங்களிலும் மின்சாரம் நின்றது. அது நிற்கவே பல இடங்களில் செல்போனும் ஓய்ந்தது. உதவி வேண்டினோர் குரல் உதவ வல்லோர் செவிக்கு எட்டவில்லை.

சென்னைத் துறைமுகத்து நூற்றாண்டுக் கட்டடத்தின்மீது 2002-இல் டாப்ளர் ராடார் அமைக்கப்பட்டது. மழை மேகத்தையும் புயலின் போக்கையும் ராடார் காணும். எண்ணூர் வீதியில் நிற்கும் நீர் முழங்காலளவோ மார்பளவோ என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல ஆள் வேண்டும். சொல்லுதற்கு அறுபடாத சாதனமும் வேண்டும். அமெரிக்காவில் 'ஸ்கைவார்ன்' என்னும் ஏற்பாட்டின்படி, பயிற்சி பெற்ற தொண்டர்கள் தாம் கண்ட சுழற்காற்றையும் ஆலங்கட்டி மழையையும் வானிலை நிலையத்துக்கு உடனே அறிவிக்கின்றனர். அவர்களிற் பலர் ஹாம் ரேடியோக்காரர். ஒரு பாட்டரியும் ஏரியலுமே அவர்களுக்குப் போதும்.

இவ்வித்தை சென்னைக்குப் புதிதன்று. 1924-லேயே ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் இங்கே ரேடியோ கிளப் தோன்றி ஒலிபரப்பு நடத்தியது. 1942-இல் ஸ்ரீமதி உஷா மேத்தா முதலியோர் பம்பாயில் ரகசியக் காங்கிரஸ் ரேடியோவை நடத்தியபோது அந்நிய சர்க்கார் அதற்கு அஞ்சியது இயல்பே. சுதந்தர சர்க்காருக்கு அவ்வச்சம் அடாது. அந்தமானிலோ வெகுகாலம் ஹாம்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. விடாமுயற்சியால் அதைப் பெற்ற ஸ்ரீமதி பாரதி பிரசாத் குழுவினர், 2004 டிசம்பர் 26-ஆந் தேதி சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் இருந்தனர். டெலிபோன் செயலற்ற தீவுகளின் செய்தியைத் தாய்நிலத்துக்கு அனுப்பினர். அனுமதி மறுக்கப்பட்டே இருந்திருப்பின் அன்று யாது நேர்ந்திருக்கும்?

பன்னிரண்டு வயது நிரம்பியவர் பரீட்சையில் தேறி மத்திய சர்க்காரின் லைசென்ஸ் பெறலாம். காசிமேடு முதல் எண்ணூர் வரையுள்ள ஒவ்வொரு வாலிபர் சங்கமும் இருவரையேனும் இதற்குத் தயார் செய்தல் கடன். அதிகாரிகளும் விண்ணப்பங்களைத் தாமதியாது முடித்து, மழைக்கு முன்னரே இவர்களைக் கட்டுப்பாட்டு அறைகளுடன் இணைத்துப் பழக்குவார்களாக. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே விவேகம்.