முதலாளி பக்கத்து வக்கீல்

விபத்து நடந்த மறுநாள் காலை எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். "அவன் குடிச்சுப்போட்டு வந்திருந்தானுங்க மேடம்." எந்த விரல் போனது, எந்த ஆஸ்பத்திரி, என்ன வயது, எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் நான் ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

கோயம்புத்தூரில் முதலாளிகள் தரப்பில் விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்துவது என் தொழில். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் லேத் பட்டறை, பவர் பிரஸ், சின்ன பவுண்டரி வைத்திருப்பவர்கள் என் கட்சிக்காரர்கள். முதலாளி என்றதும் கண்ணாடி அறையும் காரும் நினைவுக்கு வரலாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் காலையில் தாங்களே ஷட்டரைத் தூக்கி, ஆள் வராத நாளில் தாங்களே மிஷினில் நிற்பவர்கள். ஏழெட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள்.

பெரிய ஆலைகள் இந்த வழக்கில் அதிகம் சிக்காததற்குக் காரணம் இ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் இடம் என்றால் இ.எஸ்.ஐ. கட்டாயம். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் அதற்குள் வருவார்கள். முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். வேலையில் அடிபட்டால் இ.எஸ்.ஐ. கழகமே வைத்தியம் பார்த்து மாதாமாதம் பணம் தரும். அப்படிக் காப்பீடு பெற்றவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. ஆகவே, "இன்னொரு ஆளை வெச்சா இ.எஸ்.ஐ.யில சேர்த்துருவாங்களே" என்று புலம்பும் ஒன்பதாள் பட்டறைக்காரரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அந்தச் சேர்க்கைதான் பத்தாள் பட்டறைக்காரரை இரவில் தூங்க வைக்கிறது.

இ.எஸ்.ஐ. இல்லாத இடத்துக்குத்தான் இழப்பீட்டுச் சட்டம்; 2025 நவம்பர் வரை அது 1923-ஆம் ஆண்டுச் சட்டமாக இருந்தது, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் இருக்கிறது. அதில் முதலாளிகளுக்கு ஜீரணமாகாத விஷயம் ஒன்று உண்டு. தப்பு யாருடையது என்று அந்தச் சட்டம் கேட்பதே இல்லை. விபத்து வேலையின் காரணமாக, வேலையின்போது நடந்ததா என்று மட்டும்தான் பார்க்கும். "நானா அவனை மிஷினுக்குள்ள கையை விடச் சொன்னேன்?" என்று என் எதிரில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறவரிடம் நான் சொல்வது இதைத்தான்: அந்த நியாயத்தைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்க ஆள் கிடையாது.

குடி விஷயத்துக்கு வருகிறேன். குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, மிஷினின் பாதுகாப்புக் கார்டைக் கழற்றிப் போட்டது ஆகியவை சட்டம் ஒப்புக்கொள்ளும் வாதங்கள்தான். ஆனால் தொழிலாளி இறந்துவிட்டாலோ முழுமையாக, நிரந்தரமாகச் செயலிழந்துவிட்டாலோ அந்த வாதங்கள் எதையும் எடுக்க முடியாது. மிச்சமுள்ள காயங்களுக்கும் குடித்திருந்தார் என்று சொன்னால் போதாது. குடியால்தான் விபத்து நேர்ந்தது என்று நிரூபிக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் முதல் குறிப்பில் அது இல்லாவிட்டால் மேஸ்திரியின் சாட்சி நிற்காது.

கார்டு வாதம் இன்னும் மோசம். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் டை என்கிற அச்சுக்குள் போக மூன்றாவது கை ஏது? ஆனால் நான் பார்க்கப் போன பட்டறைகள் பலவற்றில் ஒரு பொத்தானைத் துணி வைத்து அமுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு கை சும்மா இருந்தால் மணிக்கு இத்தனை பீஸ் கூடுதல். கட்டியது தொழிலாளியா, சூப்பர்வைசரா? குறுக்கு விசாரணையில் மூன்றாவது கேள்விக்குள் உண்மை வந்துவிடும். அந்த நிலையில் நான் கட்சிக்காரரிடம், "இந்த வாதத்தை விட்டுவிடுங்கள், பணத்தைக் கட்டுங்கள்" என்றுதான் சொல்வேன். சிலர் அதோடு வேறு வக்கீலிடம் போய்விடுவார்கள்.

பணம் எவ்வளவு? இறந்தால், மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். வயது கூடக் கூட அந்த எண் குறையும். 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம். 2020 ஜனவரிக்கு முன் அது 8,000 ஆக இருந்தது. நிரந்தர முழு ஊனத்துக்குப் பாதிக்குப் பதில் 60 சதவீதம். விரல், கண், கால் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் அட்டவணையில் சதவீதம் போட்டிருக்கிறார்கள். கட்டைவிரல் 30, முழு ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12. மாதம் 15,000 வாங்கும் 30 வயதுப் பிரஸ் ஆபரேட்டருக்கு ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சுமார் 2,62,000 ரூபாய். மனித உடம்புக்கு இப்படி விலைப்பட்டியல் எழுதி வைத்திருப்பது முதல் முறை படிக்கிறவருக்குக் குமட்டும். தினமும் புரட்டுகிற எனக்கும் அது முழுதாகப் பழகிவிடவில்லை.

என் தொழிலில் முதலாளிகள் பணத்தை இழப்பது தீர்ப்பால் அல்ல, முதல் வாரத்தில் செய்யும் காரியங்களால். ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒழுகலை அடைக்க ஏறிய 30 வயது ஆள், ஷீட் உடைந்து கீழே விழுந்து இறந்துபோனார். முதலாளி கெட்டவர் அல்ல. பிணவறை வாசலிலேயே நின்றார். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, நான்கு லட்சம் ரொக்கமாக இறந்தவரின் மனைவியின் கையில் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். எல்லாம் மரியாதையாக முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒன்றரை வருடம் கழித்து நோட்டீஸ் வந்தது.

அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. அதைவிட முக்கியமாக, மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் துணை ஆணையரோ இணை ஆணையரோ அந்த இருக்கையில் இருப்பார். குடும்பத்திடம் நேராகக் கொடுத்த பணம், மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் நீங்கலாக, இழப்பீடாகக் கணக்கில் வராது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஆணையர் பிரித்துக் கொடுப்பார். மாமனார் வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அதில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த முதலாளியின் கணக்கு இப்படிப் போனது. உச்சமான 15,000-இல் பாதி, அதாவது 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதாவது வருடத்துக்கு 1,87,182 ரூபாய். தாமதத்துக்குச் சரியான காரணம் இல்லை என்று ஆணையர் கருதினால் இதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். இன்சூரன்ஸ் இருந்தால் பொதுவாக அசலும் வட்டியும் கம்பெனி கட்டும். அபராதம் முதலாளியின் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லிவிட்டது. இவரிடம் பாலிசி இருந்தது. பிரீமியம் ஏறிவிடும் என்று பயந்து கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டிருந்தார்!

மேல்முறையீடு போகலாமே என்பார்கள். போகலாம், ஆனால் தீர்ப்புத் தொகை முழுவதையும் கட்டிய சான்றிதழோடுதான் முதலாளி உயர் நீதிமன்றப் படி ஏற முடியும். அங்கேயும் சட்டக் கேள்வி இருந்தால்தான் காது கொடுப்பார்கள்.

முதல் வாரத்தின் இன்னொரு பாவம் பொய். தொழிலகப் பாதுகாப்புத் துறை வந்துவிடுமே என்ற பயத்தில் ஆஸ்பத்திரியில், "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுத வைப்பார்கள். ஏ.ஆர். காப்பி என்று நாங்கள் சொல்லும் அந்த விபத்துப் பதிவேட்டு நகல்தான் பின்னால் இரு தரப்புக்கும் முதல் ஆவணம். மூன்று மாதம் கழித்து, உடன் வேலை செய்தவர்கள் உண்மையைச் சொல்லும்போது அந்தப் பொய்யைச் சுமந்து நிற்பது முதலாளிதான். அதற்குப் பிறகு அவர் சொல்லும் நிஜத்தையும் யாரும் நம்புவதில்லை.

ஆகவே அழைப்பு வந்ததும் நான் கேட்பது சாதாரண விஷயங்கள். ஆளை நல்ல ஆஸ்பத்திரியில் சேருங்கள், பில்லை நீங்கள் கட்டுங்கள், எப்படியும் வைத்தியச் செலவு உங்களுடையதுதான். நடந்ததை நடந்தபடி எழுத வையுங்கள். மிஷினைத் தொடாமல் படம் எடுங்கள். வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, பக்கத்தில் நின்ற இரண்டு பேரின் பெயர் எனக்கு வேண்டும். பாலிசி கம்பெனிக்கு இன்றைக்கே தகவல் கொடுங்கள். மரணம் அல்லது பலத்த காயம் என்றால் ஏழு நாளைக்குள் ஆணையருக்கு அறிக்கை போக வேண்டும். கட்டுப்போட்ட கையில் பேனாவைக் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

அப்படியானால் சண்டை போடுவதே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, சண்டை போட வேண்டிய இடத்தில். அட்டவணையில் இல்லாத காயங்களில்தான் உண்மையான வழக்கு இருக்கிறது. காலில் எலும்பு முறிந்து சற்றே கோணலாகச் சேர்ந்தவருக்கு 45 சதவீதம் என்று ஒரு சான்றிதழ் வரும். கொடுத்தவர் வைத்தியம் பார்த்த டாக்டர் அல்ல. அது காலின் ஊனமா, சம்பாதிக்கும் சக்தியின் இழப்பா? சட்டம் கேட்பது இரண்டாவதை. டாக்டரைக் கூண்டில் ஏற்றி, எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு, இவர் செய்த வேலை என்ன, இப்போது எதைச் செய்ய முடியாது என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். 45 என்பது 15 ஆன வழக்குகள் உண்டு. 45 சரிதான் என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்த வழக்குகளும் உண்டு.

இதே கத்தி மறுபக்கமும் வெட்டும். ஒடிசாவில் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்த தச்சர் விழுந்து, இடது கையை இழந்தார். அட்டவணைப்படி அது பகுதி ஊனம்தான் என்று வாதம் வந்தது. ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு ஊனம் என்ற முடிவை உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் உறுதிசெய்தது. இழப்பீடு விபத்து நாளிலிருந்தே கடனாகிவிடுகிறது என்பதும் அதே தீர்ப்பில் வந்ததுதான்.

இவர் என் ஆளே அல்ல என்ற வாதத்தையும் எடுப்போம். ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வைத்தால் தப்பிக்கலாம் என்பது கனவு. உங்கள் தொழிலுக்கான வேலை என்றால் முதலில் நீங்கள் கட்ட வேண்டும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அவரை அப்போது தேடிப் பிடிப்பது உங்கள் பாடு. பீகார், ஒடிசா ஆட்கள் நிறைந்த நம் பவுண்டரிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறந்தவரின் குடும்பம் தாங்கள் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். குறிச்சிப் பட்டறைக்காரர் ஒடிசா மாவட்டத் தலைநகரில் போய் வாய்தாவுக்கு நிற்க வேண்டி வரும்.

போக வர நேரும் விபத்துகளில் முன்பு எங்களுக்கு வலுவான வாதம் இருந்தது. மகாராஷ்டிரத்தில் அதிகாலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போன சர்க்கரை ஆலைக் காவலாளி வழியில் இறந்த வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு உண்டு என்றது. வேலைக்கும் அந்தப் பயணத்துக்கும் தொடர்பு இருந்தால் போதும். அதே ஆண்டு நவம்பர் 21-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்து 1923 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. போக வர நேரும் விபத்து அதில் எழுத்திலேயே இருக்கிறது. பிரிவு எண்கள் மாறினாலும் எலும்புக்கூடு பழையதுதான்.

"தொழிலாளி வயித்துல அடிக்கற வேலை" என்று என் சொந்த அத்தையே சொல்லியிருக்கிறார். சில முதலாளிகளுக்காக நான் வழக்கை ஏற்க மறுத்ததை அவருக்குச் சொன்னதில்லை. மூன்று வருடம் இழுத்து ஜெயிக்கும் வக்கீலைவிட, முப்பது நாளில் பணம் கட்ட வைக்கும் வக்கீல்தான் முதலாளிக்கு லாபம். தொகையில் தகராறு இருந்தாலும், பொறுப்பு என்று நீங்களே ஒப்புக்கொள்ளும் பகுதியை உடனே கட்டும்படி சட்டமும் சொல்கிறது. வட்டி அதற்கு ஏறாது. அந்த வீட்டில் அடுப்பும் எரியும்.

பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஆட்களின் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் உள்ளபடி எழுதுங்கள். ஒப்பந்த ஆட்களையும் சேருங்கள், வைத்தியச் செலவுக்கான கூடுதல் பாதுகாப்பையும் கேட்டு வாங்குங்கள். பிறகு பிரஸ்ஸில் கட்டியிருக்கும் அந்தத் துணியை இன்றைக்கே அவிழ்த்துப் போடுங்கள்.