பிளக்கைப் பார்த்தால் என்ஜின் நோய் தெரியும்!

கள்ளக்குறிச்சியில் சீறிப் பாயும் 'ரேஸ் செட்டப்' கார், கல்வராயன் மலை ஏறும்போது திணறுகிறது. கரும்புகை வேறு! என்ன கோளாறு?

கோளாறு காரில் இல்லை; காற்றில்!

மலையின் உயரம் 2 ஆயிரம் முதல் 3 ஆயிரம் அடி. 3 ஆயிரம் அடியில் காற்று நூற்றுக்கு 9 பங்கு லேசாகிவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

சோழவரம் பந்தயத்தில் பியட் கார்கள் பறந்த காலத்திலிருந்தே மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த பரிசோதனை ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றிப் பார்!

கரி படிந்திருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. வெளிர் பழுப்பு என்றால் சரியான கலவை. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, என்ஜின் கொதிக்கிறது!

மலைக்காகச் சின்ன ஜெட் போட்டவர், இறங்கியதும் பழைய ஜெட்டை மாட்ட மறந்தால் போச்சு! பிஸ்டனிலேயே ஓட்டை விழலாம்.

இன்றைய கார்களில் பெட்ரோலை அளப்பது கம்ப்யூட்டர். அதற்காகப் பில்டர், சைலன்சரை இஷ்டம்போல் மாற்றலாமா? கூடாது. கம்ப்யூட்டர் கணக்கையும் சரிசெய்ய வேண்டும்.

ஏற்றத்தில் 'டக டக' சத்தம் கேட்கிறதா? ஆக்சிலேட்டரை விட்டு, கியரைக் குறையுங்கள். 'டைமிங்' பார்க்காமல் அடுத்த மலை ஏற வேண்டாம்!